பெயரும் பதிவேடும்



என் தாத்தாவுக்கு இரண்டு பெயர்கள். வீட்டில் ராமசாமி. அவர் கூலிக்கு நின்ற பண்ணையின் கணக்கு நோட்டில் குப்பன். பண்ணையார் வீட்டிலேயே ஒரு ராமசாமி இருந்ததால் அந்தப் பெயர் சேரிக்காரனுக்கு ஆகாது என்று கணக்குப்பிள்ளை மாற்றி எழுதிவிட்டார். கூலி நெல் அளந்ததும் கடன் எழுதியதும் குப்பன் பேரில்தான். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தாத்தா தன் பெயரை ராமசாமி என்றுதான் சொல்லியிருக்கிறார். "கணக்குல குப்பன்னுதானே இருக்கு" என்று சொல்லி வாத்தியார் 'கு' என்று இனிஷியல் போட்டார். அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது கணக்குப்பிள்ளை வைத்த பெயரின் எழுத்து.

குடும்பப்பெயர் என்பது தகப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தானாக வந்து சேரும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சமூகவியல் வகுப்பில் எனக்கும் தந்தைவழி, தாய்வழி என்று இரண்டு பிரிவைச் சொல்லி முடித்துவிட்டார்கள். பதிவேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பேனா யார் கையில் இருந்ததோ அவர்தான் பெயரைக் கடத்தினார் என்பதற்கு இரண்டு நாடுகளின் வரலாற்றைச் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கா. ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளையின் பெயரும் நிலையும் தகப்பன் வழி. 1662-இல் வர்ஜீனியா குடியேற்றம் ஒரு சட்டம் போட்டது: பிள்ளை அடிமையா சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. அடிமைப் பெண்ணுக்கு எஜமானனால் பிறந்த பிள்ளையும் அவனுடைய சொத்தாகவே இருக்க அந்தச் சட்டம் வழிசெய்தது. தங்கள் சொந்த மரபையே தலைகீழாகத் திருப்பினார்கள். அப்பன் பெயர் வெள்ளைப் பிள்ளைக்கு, ஆத்தாள் அடிமைத்தனம் கறுப்புப் பிள்ளைக்கு. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவற்றைக் குறித்தார்கள். அடிமைகளின் பெயரைப் பெரும்பாலும் எழுதவே இல்லை. விடுதலையானவர்கள் பெயரோடு கணக்கில் ஏறியது 1870-இல்.

புக்கர் டி. வாஷிங்டன் தன் வரலாற்றில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். விடுதலைக்குப் பிறகு சிறுவனாகப் பள்ளிக்குப் போகிறார். வருகைப் பதிவு எடுக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், சிலருக்கு மூன்றும் இருக்கிறது. இவருக்கு இருப்பது ஒன்றே ஒன்று. தன் முறை வந்ததும் நிதானமாக 'புக்கர் வாஷிங்டன்' என்கிறார். அப்படித்தான் அவருக்குக் குடும்பப்பெயர் வந்தது.

எஜமானனின் பெயரையே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களை ஏளனம் செய்வதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயும் தம்பியும் தன்னைத் தேடி வந்தால் அவர்களுக்குத் தெரிந்த அடையாளம் அந்தப் பழைய பெயர்தான். உறவுகளைத் தேடி விடுதலையானவர்கள் பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரங்களில், யார் யாரிடம் இருந்தோம் என்று எஜமானர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாளில் மால்கம் அந்தப் பெயரை உதறி, பிடுங்கப்பட்ட பெயருக்கு அடையாளமாக 'எக்ஸ்' போட்டுக்கொண்டார். இரண்டு முடிவுக்கும் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் பெயர் மாறினாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத நம் நிலைமைக்கு நெருக்கமானது ஜப்பான்.

அங்கே தோல் பதனிடுவோர், செத்த மாட்டை அகற்றுவோர் போன்றவர்களை 'எத்தா' என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அதை எழுதும் எழுத்துகளுக்கே 'அழுக்கு மிகுந்தது' என்று பொருள். இன்று புராக்கு மக்கள் என்கிறோம். பழைய ஆட்சியில் குடும்பப்பெயரை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வது பொதுவாகச் சாமுராய்களின் உரிமை. மெய்ஜி அரசு 1870-இல் சாதாரண மக்களும் வைத்துக்கொள்ளலாம் என்றது. 1871-இல் 'எத்தா' முதலான இழிபெயர்களை ஒழித்து ஆணை வந்தது. 1875-இல் எல்லோருக்கும் குடும்பப்பெயர் கட்டாயம் என்றார்கள். இதில் சமத்துவ ஆசையைத் தேட வேண்டாம். ராணுவத்துக்கு ஆள் எடுக்கவும் வரி வாங்கவும் பட்டியல் தேவைப்பட்டது. அதே காலத்தில் செத்த மாட்டின் மீதிருந்த தொழிலுரிமை பறிபோனது. கௌரவம் காகிதத்தில் வந்தது, பிழைப்பு கையை விட்டுப் போனது.

ஆக, புராக்கு மக்களுக்கும் மற்றவர்களைப் போலவே குடும்பப்பெயர் கிடைத்தது. ஆனால் 1872-இல் தொகுத்த குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் அவர்கள் பெயரோடு 'புதிய குடிமக்கள்' என்று எழுதி வைத்தார்கள். புதியவர் என்றால் யார் என்று ஊருக்கே தெரியும். அந்தக் குறிப்பு இல்லாத இடத்திலும் பூர்வீக முகவரி இருந்தது. எந்தக் குடியிருப்பு என்று பார்த்தால் போதும். கல்யாணத்துக்கு முன்னும் வேலை கொடுக்கும் முன்னும் துப்பறிவாளரை வைத்துப் பதிவேட்டைப் பார்க்கும் வழக்கம் நூறு ஆண்டு நீடித்தது. பழைய பதிவேட்டை 1968-இல்தான் பொதுப்பார்வையிலிருந்து மூடினார்கள். அதன் பிறகும் 1975-இல் ஓர் அக்கிரமம் வெளியே வந்தது. நாடெங்கும் உள்ள புராக்குக் குடியிருப்புகளின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, தொழில் ஆகியவற்றை அச்சடித்து ரகசியமாக விற்றிருக்கிறார்கள். வாங்கியவை 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தி, யார் வேண்டுமானாலும் குடும்பப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்ற நிலையை நிறுத்த வேண்டியதாயிற்று.

இடையில் ஒரு செய்தி. ஜப்பானில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப்பெயர் வைக்க வேண்டும் என்பது இன்றும் சட்டம். ஏறத்தாழ 95 விழுக்காடு தம்பதிகள் கணவன் பெயரையே எடுக்கிறார்கள். இதைத் தொன்றுதொட்ட மரபு என்பார்கள். 1876-இல் அதே அரசு, மனைவி பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. 'தொன்றுதொட்ட' மரபு 1898-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தில் வந்தது. நம் ஊர் மரபுக் காவலர்களைப் போலத்தான் அங்கேயும்.

1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் புராக்கு மக்கள் 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பிரகடனம் மறைந்து வாழச் சொல்லவில்லை. எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே பெருமையோடு உரிமை கொண்டாடியது. அதே 1922-இல்தான் சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்றே அரசுப் பதிவுகளில் எழுத வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவர் சொல்லை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்கிறார், இன்னொருவர் பதிவேட்டிலிருந்து அடிக்கச் சொல்கிறார். எதிரெதிர் வழிகள் போலத் தெரியலாம். தன் பெயரைத் தானே எழுத வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று.

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, இனிஷியல்தான் என்று பெருமைப்படுகிறோம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பின்னொட்டைக் கைவிடச் சொன்னது. அது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வி என்ன? "எந்த ஊரு?" அதற்கடுத்து, "ஊர்ல எந்தப் பக்கம்?" ஜப்பானியத் துப்பறிவாளர் பதிவேட்டில் தேடியதை நம் வீட்டுக்காரர் வாசலில் நின்றே தேடிவிடுகிறார். ஆதார் அட்டையில் 'காலனி' என்று இருந்தால் கேள்விக்கும் வேலை இல்லை. 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறேன். புதிதாக வைக்கும் பெயரும் நம் தெருவுக்கு மட்டும் உரியதாக இருந்தால் அது 'புதிய குடிமக்கள்' கதைதான்.

சில இளைஞர்கள் சாதிச் சான்றிதழையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் பழைய பதிவேட்டைப் பூட்ட முடிந்தது. நம் சான்றிதழ் இட ஒதுக்கீட்டுக்கான ஆதாரம், போராடி வாங்கிய காகிதம். அதை யார், எதற்காகப் பார்க்கலாம் என்ற கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும். விடுதியிலும் வகுப்பிலும் உதவித்தொகைப் பட்டியலைச் சத்தமாக வாசிக்கிறார்களே, அதை எந்தச் சட்டம் அனுமதிக்கிறது?

அப்பா கடைசிவரை 'கு' போட்டுத்தான் கையெழுத்திட்டார். கெசட்டில் மாற்றிவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். "மாத்தப் போய் பென்ஷன் நின்னுச்சுன்னா நீயா தருவ?" என்றார்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை விட்டுச் செல்கிறேன். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் பண்ணையில் அவர்களை என்ன பெயரில் கூப்பிட்டார்கள், வீட்டில் என்ன பெயர் என்று கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். முதல் வரியில் என் தாத்தா பெயரை நான் எழுதித் தருகிறேன்.