தண்ணீரை விருந்துக்கு அழைத்த ஊர்

ஹாலந்து தேசத்துக்குப் போய்வந்தவர்கள் ஆம்ஸ்டர்டாமைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார்கள். கால்வாய், படகு, சைக்கிள், பாலாடைக்கட்டி, ரெம்பிராண்ட் படம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மறுநாளே பாரிஸுக்கு ரயில் ஏறிய கதையையும் சொல்வார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. கையில் இருப்பது பத்து நாள். பார்க்கவேண்டியதோ பத்து தேசம். ஆனால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அரைமணிக்குச் சற்று அதிகமான ரயில் பயணத்தில் லெய்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் கொஞ்சமாவது ஆசை உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் பழகிய பெயர்தான். நம் ஊர்ச் செப்பேடு ஒன்றுக்கு அந்த அந்நிய ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா? அந்தப் பெயரின் இழுப்பில்தான் நானும் போனேன். போன இடத்தில் வேறு ஒரு கதை என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரைன் நதி பிறந்த இடத்தில் மலையை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. லெய்டனுக்கு வரும்போது கிழடு தட்டிப்போய், இரண்டு கிளையாகப் பிரிந்து, மெதுவாக நகர்ந்து, ஊர் நடுவில் மறுபடி கூடிக்கொள்கிறது. அந்தக் கூடலுக்குப் பக்கத்தில் மனிதர்கள் மண்ணைக் கொட்டி எழுப்பிய ஒரு மேடு. அதன்மேல் வளையமாக ஒரு பழைய கோட்டைச் சுவர். புர்க்ட் என்று பெயர். மேடென்றால் நம் திருச்சி மலைக்கோட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். ஆனால் அந்தத் தட்டையான தேசத்தில் அதுவே மலை. மேலே நின்றால் செங்கல் வீடுகளின் கூரை முக்கோணங்களும், மாதா கோயில்களின் முதுகும், அவற்றுக்கு அப்பால் வானத்தைத் தொடும் பச்சைப் புல்வெளியும் தெரிகின்றன. 1574-ஆம் ஆண்டு கோடையில் இந்த மேட்டில் ஏறி நின்ற ஜனங்கள் அந்தப் புல்வெளியின்மேல் கப்பல் வருகிறதா என்று பார்த்தார்களாம்.

புல்வெளியில் கப்பலா என்று கேட்பீர்கள். கதையே அதுதான்.

அப்போது அந்த நாடு ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. வரி ஒருபுறம், மதத்தின் பேரால் தண்டனை மறுபுறம். பொறுக்கமாட்டாமல் ஹாலந்து ஊர்கள் ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தின் தலைமையில் கலகம் செய்தன. ஸ்பானியப் படை 1573 அக்டோபர் இறுதியில் லெய்டனை முற்றுகையிட்டது. 1574 மார்ச்சில் வேறு போர்முனைக்காக அந்தப் படை விலகிப் போயிற்று. ஊரார் பெருமூச்சு விட்டார்கள். களஞ்சியத்தை நிரப்பிக்கொள்ளவில்லை; எதிரி விட்டுப்போன கொத்தளங்களை இடித்துத் தள்ளவும் இல்லை. மே 26-ம் தேதி ஸ்பானியர் திரும்பி வந்து, தாங்கள் கட்டிய கொத்தளங்களிலேயே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்கள். தளபதி வால்டெஸ் பீரங்கிகளை நம்பவில்லை. பசி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தான்.

பசி பார்த்துக்கொண்டது. ரொட்டி தீர்ந்தது, குதிரை, நாய், பூனை எல்லாம் தீர்ந்தன. பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது. ஊரில் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுமார் 6,000 பேர், மடிந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நகரத் தலைவர் வான் டெர் வெர்ஃபைச் சுற்றிக் கூட்டம் கூடி, "சோறு கொடு, அல்லது சரணடை!" என்று கத்தியபோது, "என் உடலை வெட்டித் தின்னுங்கள், ஊரைக் கொடுக்கமாட்டேன்" என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. லாக்கன்ஹால் என்ற பழைய கம்பளி மண்டபம் இப்போது கண்காட்சிசாலை. அங்கே அந்தக் காட்சியைப் பிரம்மாண்டமான சித்திரமாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். தலைவர் நன்றாகத்தான் நிற்கிறார். ஆனால் அவருக்கே சமாதானம் பேச ஆசை இருந்திருக்கலாம் என்று பிற்காலத்துச் சரித்திராசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சந்தேகம் அவர்மேல் பிரியத்தை அதிகமாக்குகிறது. தினம் தினம் பிணம் விழும் ஊரில், பேசிப் பார்க்கலாமா என்று ஒரு தலைவன் யோசிக்காமல் இருந்தால் அவன் கல்.

முற்றுகைக்குள் காசடிக்க உலோகம் இல்லை. ஆகவே கத்தோலிக்கக் கோயில்களின் பிரார்த்தனைப் புத்தகங்களைக் கிழித்து, தாள்களை ஒட்டி அழுத்தி, காகிதக் காசு அடித்தார்கள். அதில் 'விடுதலையின் பொருட்டு' என்று லத்தீனில் பொறித்தார்கள். ஒரு பாதிரியாருக்கு அது பிடிக்கவில்லை. 'மதத்தின் பொருட்டு' என்றல்லவா இருக்கவேண்டும் என்று பிரசங்க மேடையிலிருந்தே நிர்வாகிகளைத் திட்டினார். கீழே நகரத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நகரச் செயலாளர் யான் வான் ஹவுட், மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, "கீழே இறக்கட்டுமா?" என்று கேட்டாராம். நகரத் தலைவர் தடுத்துவிட்டார். நகைச்சுவைக்காக இதைச் சொல்லவில்லை. பட்டினி கிடந்து சாகிறவர்களுக்குள்ளேயே, எதற்காகச் சாகிறோம் என்பதில் சண்டை இருந்திருக்கிறது. அந்தச் சண்டை பிறகும் நெடுங்காலம் அந்த நாட்டை விடவில்லை.

வெளியே இருந்த வில்லியத்திடம் தரைப்படை இல்லை. கடற்படை இருந்தது; 'கடல் பிச்சைக்காரர்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட முரட்டு மாலுமிகள். கப்பல் ஊருக்குப் போக முடியாது. ஆகவே கடலை ஊருக்குக் கொண்டுபோவது என்று தீர்மானித்தார்கள். ஆகஸ்டு மாதம் ஆற்றங்கரை அணைகளை வெட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரை வெளியே தள்ளி, மண்ணை மீட்டு வாழ்ந்த ஜனங்கள் தங்கள் கையாலேயே கரையை உடைத்தார்கள். இழந்த நிலத்தைவிடக் கெட்ட நிலம் மேல் என்பது அன்றைய கோஷம். கோஷம் போட்டவர்களுக்கு நிலம் எத்தனை ஏக்கர் இருந்தது என்று நான் கேட்கத் துணியவில்லை. முழுகியது குடியானவர்களின் வயலும் புல்தரையும். லெய்டன் நகரத்தாருக்குச் சிலையும் சித்திரமும் கிடைத்தன. அந்தக் குடியானவர்களுக்கு ஊரில் என் கண்ணில் பட்ட அளவில் ஒரு கல்கூட இல்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் நாகைப்பட்டினத்துக்குள் கடல் புகும் இடத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே கடல் தானாக வந்தது. இங்கே கூப்பிட்டும் வரவில்லை! வயல்களில் முழங்கால் ஆழம் நின்றதே தவிர, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள்கூட மிதக்கப் போதவில்லை. வில்லியமோ ராட்டர்டாமில் கடுங்காய்ச்சலில் படுத்திருந்தார். வாரக் கணக்கில் காற்று எதிர்த்திசையில் வீசியது. செப்டம்பர் கடைசியில்தான் புயல் திரும்பியது. பௌர்ணமி அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஓதமும் சேர்ந்துகொண்டது. தளபதி பாய்ஸோவின் படகுகள் வயல்களின்மேலும், பழத்தோட்டங்களுக்கு ஊடேயும், வேலிகளைத் தாண்டியும் வந்தன. அக்டோபர் 2-ம் தேதி இரவு நகரத்து மதிலில் ஒரு பகுதி தானாகவே இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் தொலைந்தோம் என்று நடுங்கினார்கள். இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்ட ஸ்பானியர்களும், தண்ணீர் ஏறிக்கொண்டு வருவதைக் கண்டு, மூட்டை கட்டி ஓடினார்கள். ஒரே சத்தத்துக்கு இரண்டு பக்கமும் பயந்த விசித்திரத்தை நான் வேறு எந்த யுத்தத்திலும் படித்ததில்லை.

மறுநாள் காலை காலியான கொத்தளத்துக்குள் நுழைந்த ஓர் அநாதைப் பையன், ஸ்பானியர் அடுப்பில் விட்டுப்போன கூட்டுக் குழம்பைக் கண்டு பானையோடு தூக்கிவந்தான் என்கிறார்கள். அந்தப் பானை என்று ஒன்றை லாக்கன்ஹாலில் வைத்திருக்கிறார்கள். படகுகள் கால்வாய் வழியே வந்து ஹெர்ரிங் மீனையும் வெள்ளை ரொட்டியையும் கரையில் வீசின. அவசரத்தில் அள்ளித் தின்று செத்தவர்களும் உண்டாம். இன்றும் அக்டோபர் 3-ம் தேதி ஊராருக்கு மீனும் ரொட்டியும் வழங்குகிறார்கள்; வீட்டுக்கு வீடு 'ஹுட்ஸ்பாட்' சமைக்கிறார்கள். காரட், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வேகவைத்து மசித்த ஒரு கூட்டு. அந்தப் பையன் கண்ட பானையில் உருளைக்கிழங்கு இருந்திருக்க நியாயமில்லை. அது அந்த நாட்டுச் சமையலுக்கு வந்ததே பின்னால்தான். காரமும் புளியும் இல்லாத அதை நான் பக்தியோடு சாப்பிட்டு வைத்தேன்.

இத்தனை பட்ட ஊருக்கு வில்லியம் என்ன பரிசு கொடுத்தார் தெரியுமா? ஒரு சர்வகலாசாலை! வரிவிலக்கு வேண்டுமா, கல்வி வேண்டுமா என்று கேட்டதாகவும், ஊரார் கல்வியைக் கேட்டதாகவும் சொல்வார்கள். வரி கட்டுகிற எவனும் இதை நம்பமாட்டான். புதிய நாட்டுக்குப் பாதிரிகளும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேண்டியிருந்தது. பழைய சர்வகலாசாலை இருந்த லூவேன் நகரமோ ஸ்பானியர் கையில். 1575 பிப்ரவரி 8-ம் தேதி லெய்டன் கலாசாலை திறந்தது. இதில் பெரிய வேடிக்கை, அதன் சாசனம் எழுதப்பட்டது யார் பெயரில் என்பது. எவனுடைய படை அந்த ஊரைப் பட்டினி போட்டுக் கொன்றதோ, அந்த இரண்டாம் பிலிப் மன்னன் பெயரில்தான்! சட்டப்படி அவனே இன்னும் அரசன். கலகத்திலும் காகிதம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஜாதி டச்சுக்காரர்கள். முற்றுகையின்போது ஊர்க்காவலுக்குத் தலைமை வகித்த கவிஞர் யான் வான் டெர் டூஸ் கலாசாலையின் நிர்வாகிகளில் ஒருவரானார்.

ராப்பன்பர்க் கால்வாயின் கரையில், ஒரு பழைய கன்னிமாடத்தில், 1581 முதல் அந்தக் கலாசாலையின் தலைமைக் கட்டடம் இருக்கிறது. உள்ளே 'வியர்வை அறை' என்று ஒன்று. பரீட்சை முடிவுக்காக மாணவர்கள் நெஞ்சு படபடக்கக் காத்திருந்த இடம். சுவரெல்லாம் கையெழுத்து. பின்னால் 1590-ல் ஏற்பட்ட மூலிகைத் தோட்டம். ஹாலந்தின் துலிப் மோகத்துக்கு வித்திட்ட க்ளூசியஸ் என்ற பண்டிதர் துலிப் வளர்த்த இடம்.

இந்தக் கலாசாலையின் நூலகத்துக்குத்தான் 1862-ல் நமது ஆனைமங்கலச் செப்பேடு போய்ச் சேர்ந்தது. 21 ஏடுகள், சோழ முத்திரையிட்ட வளையம், ஏறத்தாழ முப்பது கிலோ எடை. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த பௌத்த விஹாரத்துக்கு, சிவபாதசேகரனான இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கிய சாசனம். அதைச் செம்பில் வெட்டுவித்தவன் மகன் இராஜேந்திரன்; பிற்பாடு அந்தக் கடாரத்தின்மேலேயே படையெடுத்தவன். நாகப்பட்டினம் 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறி, 1781 வரை அவர்களிடம் இருந்தது. கிழக்கு நாடுகளில் ஊழியம் செய்த ஃப்ளோரென்சியஸ் காம்பர் என்ற பாதிரியார் மூலம் ஏடுகள் ஹாலந்து போனதாகச் சொல்கிறார்கள். விலைக்கா, வெகுமதியாகவா, வேறு வழியிலா? ஒரு மடத்துக்குக் கொடுத்த உரிமைப் பத்திரம் கப்பல் ஏறுகிறதென்றால், அதைக் காக்கவேண்டியவர்கள் அப்போது இல்லை என்று அர்த்தம். விஹாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரமும் 1867-ல் இடிக்கப்பட்டுவிட்டது. ஏடுகளைத் திருப்பித் தரவேண்டும் என்று இந்தியா கேட்டது நியாயமான கேள்வி. அணையை உடைத்துத் தன் ஊரை மீட்ட ஜனங்களுக்கு அது புரியாமல் போகாது.

ராப்பன்பர்க் கரையோடு நடந்தால் வீடுகளின் வரிசை நடுவில் அறுந்து, ஒரு பூங்கா வருகிறது. 1807 ஜனவரி 12-ம் தேதி, வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று அங்கே கட்டியிருந்தபோது வெடித்து, சுமார் 150 பேர் மாண்டார்கள். படகின் பெயர் 'டெல்ஃப்டின் க்ஷேமம்'. அந்தப் பாழிடத்தில்தான் வான் டெர் வெர்ஃபுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

கலாசாலைக் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில் 1940 நவம்பர் 26-ம் தேதி காலை நடந்ததைச் சொல்லாமல் இந்த ஊரை விட்டுப் புறப்பட முடியாது. ஜெர்மானியர் ஆட்சி. யூதரான காரணத்தால் சட்டப் பேராசிரியர் மைஜெர்ஸை நீக்கி உத்தரவு வந்திருந்தது. அவர் பாடம் நடத்தவேண்டிய நேரத்தில் சட்டப் பிரிவின் தலைவர் கிளெவரிங்கா மேடை ஏறினார். உத்தரவை வாசித்தார். அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல், மைஜெர்ஸ் எப்பேர்ப்பட்ட அறிஞர், எப்பேர்ப்பட்ட ஆசிரியர் என்பதை மட்டும் நிதானமாகச் சொன்னார். மாணவர்கள் எழுந்து தேசிய கீதம் பாடினார்கள். பேச்சைப் பிரதி எடுத்து நாடெங்கும் அனுப்பினார்கள். கிளெவரிங்கா, போலீஸ் வரும் என்று தெரிந்தே பேசியவர், மறுநாள் கைதானார். 1941 கோடை வரை சிறை. கலாசாலையை ஜெர்மானியர் மூடினார்கள். மைஜெர்ஸை முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் உயிரோடு திரும்பினார். நாட்டின் சிவில் சட்டத்தைப் புதிதாக எழுதும் பொறுப்பை 1947-ல் அரசாங்கம் அவரிடமே ஒப்படைத்தது. வேலை முடியுமுன் 1954-ல் அவர் காலமானார். அவர் தொடங்கிவைத்த சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 1992-ல் அமலுக்கு வந்தன.