பொன்முடி போற வழியில் பாட்டாவின் லயம்

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப தங்கமணி ஒரு கண்டிஷன் போட்டாங்க. "மலையும் பார்க்கணும், ராத்திரிக்கு வீட்டுக்கும் வந்துடணும்." நாகர்கோவில்காரனுக்கு இதுக்குப் பதில் தெரியாதா என்ன? பொன்முடிதான்! திருவனந்தபுரத்துல இருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

நெடுமங்காடு, விதுரா தாண்டினா கல்லாறு. பேருக்கேத்த மாதிரி ஆறு முழுக்க உருண்டைக் கல்லு. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டுல மகள் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தா (எனக்குத்தான் வயித்தைப் பிரட்டிச்சு!). பாதி மலையில தேயிலைச் சரிவு. கொழுந்து கிள்ளிட்டிருந்த பெண்கள் பேசினது அச்சு அசல் தமிழ்.

"அப்பா, இது கேரளாதானே? இவங்க ஏன் தமிழ் பேசறாங்க?"

நல்ல கேள்வி. இந்த மலைக்கு முதல் ஆட்கள் காணிக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரத் துரைமார் திருவிதாங்கூர் மலைகள்ல காடழிச்சுக் காப்பி போட்டாங்க. 1869-ல இலங்கையில தலைகாட்டின இலைத்துரு நோய் இந்தப் பக்கமும் வந்து காப்பியைச் சாய்ச்சதும், தேயிலைக்கு மாறினாங்க. வேலைக்குத் திருநெல்வேலி, மதுரைச் சீமையில இருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தாங்க. அந்த முன்பணமே கடனாகி ஆளைக் கட்டிப் போட்டுச்சு.

எங்க பாட்டாவும் 1949-ல இந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குக் கவாத்து வெட்டப் போனவர்தான். அப்போ இடையில மாநில எல்லை கிடையாது. நாகர்கோவிலும் பொன்முடியும் ஒரே ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழ்நாட்டோட சேர்ந்த பிறகுதான் நடுவுல கோடு விழுந்துச்சு. மலையில இருந்த சொந்தக்காரங்க எல்லாம் ஒரே நாள்ல வெளிமாநிலத்துக்காரங்க ஆகிட்டாங்க.

1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுக்கிறது முதலாளியோட கடமைன்னு சொல்லிச்சு. நல்ல சட்டம்தான். ஆனா வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. 1953-ல மரம் விழுந்து பாட்டாவுக்குக் கால் ஒடிஞ்சது. வேலை போச்சு, லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆச்சி ரெண்டு பிள்ளைகளோட, ஒரு டிரங்குப் பெட்டியோட மலை இறங்கினாங்க. சாகுற வரைக்கும் ஆச்சி தேயிலைத் தண்ணி தொட்டதில்லை.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. விதுராவுக்கு மேல போனக்காட்டுல தேயிலை ஆலை நின்னு பல வருஷமாச்சு. போக வேற இடமில்லாம லயத்துலயே தங்கிட்ட குடும்பங்கள் அங்க உண்டு. மூணார் பக்கம் பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி லயங்கள் மேல மலை சரிஞ்சப்ப 70 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். மலை சரியும்னு தெரிஞ்சிருந்தாலும், வேலையை விடாம வீட்டை மட்டும் மாத்த முடியுமா அவங்களால?

வழியில வண்டியை நிறுத்தி, வேலை முடிஞ்சு வந்த ஒரு வயசான அம்மாகிட்ட பேசினேன். "சொந்த வீடு இருக்காம்மா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "வேலை இருக்கில்ல தம்பி, அதான் வீடு. உங்களுக்கு எப்படி?"

சட்டுன்னு பதில் வரலை. பதினோரு வருஷமா எச்1பி விசாவுல இருக்கேன். வேலை போனா அதிகபட்சம் 60 நாள், அதுக்குள்ள வேற வேலை இல்லைன்னா மூட்டை கட்டணும். கடன்ல வாங்கின வீடு, மகளோட பள்ளிக்கூடம் எல்லாம் அந்த 60 நாள்ல தொங்குது. அவங்க கஷ்டமும் என் கஷ்டமும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. என் டிரங்குப் பெட்டிக்குச் சக்கரம் இருக்கு, பேங்க்ல காசும் இருக்கு. ஆனா கேள்வி அதேதான்.

"எனக்கும் அதே மாதிரிதாம்மா"ன்னேன். அவங்க நம்பலை.

உச்சியில மேகம் வந்து எல்லாத்தையும் மூடிடுச்சு. இறங்கும்போது மகள் வளைவை எண்ணலை. "அப்பா, பாட்டா வீடு எந்த வளைவுல இருந்துச்சு?"ன்னு கேட்டா.

எங்க யாருக்கும் தெரியலை. ஆச்சிகிட்ட கேட்டு வச்சிருக்கணும். உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா, இந்த வாரம் போன் பண்ணும்போது கேட்டு எழுதி வச்சுக்குங்க.