நாற்காலிக்குக் காத்திருந்த குவைத்



குவைத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பிப்ரவரி 25, 26 விடுமுறைக்கு வாழ்த்துப் படம் அனுப்புகிறீர்கள். 26 எதற்கென்று தெரியும். 1991-இல் ஈராக் படையிடமிருந்து மீண்ட நாள். அதற்கு முப்பது ஆண்டு முன்பே, நாடு பிறந்த ஆறாம் நாளில், அதே ஆபத்து வந்ததைப் பலர் அறிய மாட்டீர்கள்.

1899 முதல் குவைத்தின் வெளியுறவு பிரிட்டன் கையில். 1961 ஜூன் 19 அன்று அந்த ஒப்பந்தம் முடிந்தது. (அந்த ஆண்டு ஏப்ரலில் தினார் வரும்வரை அங்கே புழங்கியது நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாய்!) ஜூன் 25 அன்று ஈராக் பிரதமர் காசிம், குவைத் தன் நாட்டின் பகுதி என்று அறிவித்தார்.

அமீர் அப்துல்லா அல் சாலிம் பிரிட்டனை அழைத்தார். ஜூலை 1 அன்று படை இறங்கியது. உயிர் பிழைத்தாயிற்று, ஆனால் போன வெள்ளைக்காரனே காவலுக்கு நின்றால் இதைச் சுதந்திர நாடு என்று யார் மதிப்பார்? இங்கேதான் அமீரின் சாமர்த்தியம். அரபு லீக்கை அணுகினார். ஜூலை 20 அன்று உறுப்பினராயிற்று. ஈராக் பிரதிநிதி எழுந்து போனார். சவுதி, ஜோர்டான், சூடான் முதலிய நாடுகளின் வீரர்கள் வர, அக்டோபருக்குள் பிரிட்டிஷ் படை கிளம்பியது.

ஐ.நா. அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. நவம்பர் 30 அன்று, ஈராக்குக்கு வேண்டிய சோவியத் யூனியன் வீட்டோ போட்டது. ஆனால் உலக சுகாதார நிறுவனம், யுனெஸ்கோ, அஞ்சல் ஒன்றியம் எல்லாவற்றிலும் சுதந்திரத்துக்கு முன்பே குவைத் சேர்ந்திருந்தது. பட்டா வரும் முன்பே ரேஷன் கார்டும் கரண்ட் கனெக்‌ஷனும் வாங்கி வைப்போமே, அதுபோல.

1963 பிப்ரவரியில் காசிம் புரட்சியில் கொல்லப்பட்டார். மே 14 அன்று குவைத் ஐ.நா.வின் 111-ஆவது உறுப்பினர். அக்டோபரில் ஈராக்கும் அங்கீகரித்தது. அந்தச் சமயத்தில் குவைத் ஈராக்குக்குப் பெருந்தொகை கடன் கொடுத்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த நாற்காலி 1990 ஆகஸ்ட் 2 அன்று டாங்கிகளை நிறுத்தவில்லை. அதனால் ஐ.நா. வெறும் பேச்சு மடம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அன்றே பாதுகாப்பு அவை ஈராக்கை வெளியேறச் சொன்னது. குவைத்தை இணைத்துக்கொண்டதாக ஈராக் அறிவித்ததும், ஆகஸ்ட் 9 அன்று அது செல்லாது என்றது. வல்லரசுகளுக்கு எண்ணெய் மேலும் கண் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உறுப்பு நாடு என்ற பெயர் இல்லாதிருந்தால், 1961-இல் சொன்னதுபோல் இதை ஈராக்கின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்குவது எளிது.

அந்த அவையின் முடிவால்தான் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து இழப்பீட்டு நிதி அமைந்தது. 2022 வரை 5,240 கோடி டாலர் பட்டுவாடா ஆனது. அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பிய நம்மவர்களும் அதில் மனுப் போட்டார்கள். அப்படி மனுப் போட்டவர்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். எத்தனை வருடம் கழித்துப் பணம் வந்தது என்றும் சொல்லுங்கள்.