விக்கிப்பீடியாவில் சான்று காட்டுதல்

விக்கிப்பீடியாவில் சான்று காட்டுதல் என்பது, கட்டுரையொன்றில் கூறப்படும் தகவல் எந்த நூலில், இதழில், ஆவணத்தில் அல்லது இணையத்தளத்தில் இருந்து பெறப்பட்டது என்பதை வாசகர் சரிபார்க்கத்தக்க வகையில் குறிப்பிடும் முறையாகும். அச்சுக் கலைக்களஞ்சியங்களில் கட்டுரையாளரின் பெயரும் பதிப்புக் குழுவின் பெயரும் தகவலுக்குப் பொறுப்பேற்கின்றன. எவரும் தொகுக்கக்கூடிய கலைக்களஞ்சியத்தில் எழுதுபவர் பெரும்பாலும் புனைபெயராலேயே அறியப்படுகின்றார். அவரது தகுதியை அறிய வாசகருக்கு வழியில்லை. ஆகவே எழுதியவர் மீது வைக்கப்படும் நம்பிக்கைக்கு ஈடாக, அவர் காட்டும் மூலத்தின் மீதான நம்பிக்கை இங்கே வைக்கப்படுகின்றது. புதிதாக எழுத வரும் தன்னார்வலர் முதலில் கற்கவேண்டியதும் பெரும்பாலும் இடறுவதும் இதிலேயே ஆகும்.

வரலாறு

விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான நியூபீடியா மார்ச் 2000 இல் ஜிம்மி வேல்சினால் தொடங்கப்பட்டது. லாரி சாங்கர் அதன் தலைமைத் தொகுப்பாளராக இருந்தார். அங்கு ஒவ்வொரு கட்டுரையும் துறை அறிஞர்களின் ஏழு படிநிலை மதிப்பீட்டைக் கடக்கவேண்டியிருந்தது. இதனால் மிகச் சில கட்டுரைகளே நிறைவு பெற்றன. ஜனவரி 15, 2001 இல் தொடங்கிய விக்கிப்பீடியா, முன்கூட்டிய மதிப்பீட்டைக் கைவிட்டு எவரும் எழுதலாம் என்னும் வழியைத் தேர்ந்தது. நியூபீடியா 2003 இல் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது.

தொடக்க ஆண்டுகளில் பல கட்டுரைகளுக்குச் சான்று எதுவும் இருக்கவில்லை. சிலவற்றின் இறுதியில் நூற்பட்டியல் மட்டும் இருந்தது. எந்த வரி எந்த நூலில் இருந்து வந்தது என்பதை அப்பட்டியலால் அறிய முடியாது. வரிக்குப் பக்கத்திலேயே சான்றை இட்டு, பக்கத்தின் அடியில் எண்களுடன் தானாகத் தொகுக்கும் மென்பொருள் நீட்சி 2005 இறுதியில் அறிமுகமானது. இன்று காணப்படும் அடிக்குறிப்பு முறை இதன் அடிப்படையில் அமைந்ததாகும்.

திருப்புமுனையான நிகழ்வுகள்

மே 2005 இல் அடையாளம் தெரியாத ஒருவர், அமெரிக்க இதழாளர் ஜான் சைகந்தாலர் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு சிறு கட்டுரையை எழுதினார். ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி ஆகியோரின் கொலைகளில் இவருக்குத் தொடர்பு இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டதாக அதில் பொய்யாகக் கூறப்பட்டிருந்தது. உண்மையில் சைகந்தாலர், ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றியவரும் 1968 இல் அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவரும் ஆவார். எவ்விதச் சான்றும் இல்லாத அப்பொய் ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீக்கப்படாமல் இருந்தது. நவம்பர் 29, 2005 இல் சைகந்தாலர் யுஎஸ்ஏ டுடே நாளிதழில் இதுபற்றி எழுதினார். இதைத் தொடர்ந்து ஆங்கில விக்கிப்பீடியாவில் புகுபதிகை செய்யாதோர் புதிய கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளுக்குத் தனிக் கொள்கையும் உருவானது. சான்றற்ற பாதகமான செய்தியை, விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கவேண்டும் என்பது அக்கொள்கையின் சாரமாகும்.

டிசம்பர் 2005 இல் நேச்சர் இதழ், விக்கிப்பீடியாவிலும் பிரித்தானிக்காவிலும் இருந்து 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து வல்லுநர்களைக் கொண்டு ஒப்பிட்டது. விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சராசரியாக 4 பிழைகளும் பிரித்தானிக்காவில் 3 பிழைகளும் காணப்பட்டன. பிரித்தானிக்கா நிறுவனம் 2006 இல் இம்முடிவை மறுத்தது.

2007 இல் மற்றொரு சிக்கல் எழுந்தது. இறையியல் பேராசிரியர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஆங்கில விக்கிப்பீடியாப் பயனர் ஒருவர், அத்தகைய பட்டம் எதுவும் பெறாத 24 வயது இளைஞர் எனத் தெரியவந்தது. ஒரு பயனர் தன்னைப் பற்றிக் கூறும் தகுதி சான்றாகாது என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது.

அடிப்படைக் கொள்கைகள்

கட்டுரையின் உள்ளடக்கத்தை மூன்று கொள்கைகள் வரையறுக்கின்றன.

மெய்யறிதன்மை: கட்டுரையில் உள்ள தகவலை வெளியில் உள்ள நம்பகமான மூலத்தில் எவரும் சரிபார்க்க முடியவேண்டும். எழுதுபவருக்கு அது உண்மை எனத் தெரிந்திருப்பது மட்டும் போதாது.

சொந்த ஆய்வு கூடாமை: முன்னர் எங்கும் வெளிவராத கருத்து, கணிப்பு, ஆய்வு முடிவு ஆகியவற்றைக் கலைக்களஞ்சியத்தில் முதன்முதலாக வெளியிடக்கூடாது. இரு நூல்களில் உள்ள இரு செய்திகளை இணைத்து, அவ்விரண்டிலும் இல்லாத மூன்றாவது முடிவை எட்டுவதும் சொந்த ஆய்வேயாகும்.

நடுநிலை நோக்கு: மூலங்கள் வேறுபடும்போது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், முதன்மையான நோக்குகளை அவற்றுக்கு உரிய அளவில் தரவேண்டும்.

சான்று தேவைப்படும் இடங்கள்

எல்லோரும் அறிந்த செய்திகளுக்குப் பொதுவாகச் சான்று கேட்கப்படுவதில்லை. நேரடி மேற்கோள்கள், எண்ணிக்கைகள், மறுக்கப்பட்ட அல்லது மறுக்கப்படக்கூடிய கூற்றுகள், வாழும் மனிதர்களைப் பற்றிய செய்திகள் ஆகியவற்றுக்குச் சான்று இன்றியமையாதது. "முதல் தமிழர்", "மிகப் பழமையான கோயில்", "உலகப் புகழ் பெற்ற" போன்ற தொடர்கள் புதுப்பயனர்களின் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. "முதல்" என்பதற்கு, அவ்வாறே கூறும் நம்பகமான மூலம் தேவை. "உலகப் புகழ் பெற்ற" என்பதை நீக்கிவிட்டு, பெற்ற விருதையும் ஆண்டையும் எழுதுவது சிறந்தது.

சான்றற்ற வரியை எதிர்கொள்ளும் பிற பயனர், அதன் அருகில் "சான்று தேவை" என்னும் வார்ப்புருவை இடலாம். இது எழுதியவர் மீதான குற்றச்சாட்டு அன்று. வாசகருக்கு ஓர் எச்சரிக்கையும் பிற பயனர்களுக்கு ஒரு வேண்டுகோளும் ஆகும்.

மூலங்களின் வகைகள்

மூலங்கள் மூன்று வகைப்படுகின்றன. கல்வெட்டு, கடிதம், தன்வரலாறு, அரசாணை போன்றவை முதல்நிலை மூலங்கள். அவற்றை ஆராய்ந்து பிறர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் இரண்டாம் நிலை மூலங்கள். கலைக்களஞ்சியங்கள், அகராதிகள் முதலியவை மூன்றாம் நிலை மூலங்கள். விக்கிப்பீடியாக் கட்டுரைகள் பெரிதும் இரண்டாம் நிலை மூலங்களைச் சார்ந்து அமையவேண்டும்.

எடுத்துக்காட்டாக, உ. வே. சாமிநாதையரின் "என் சரித்திரம்" ஒரு முதல்நிலை மூலமாகும். அவர் எங்கு, யாரிடம் கற்றார் என்பதற்கு அந்நூலைச் சான்றாகக் காட்டலாம். தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் அவருக்குரிய இடம் என்ன என்பதற்கு அவருடைய தன்வரலாறு போதாது. பிற ஆய்வாளர்களின் நூல்கள் தேவை.

சான்றின் உறுப்புகள்

நூலுக்கான சான்றில் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், இடம், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவை இடம்பெறவேண்டும். இவற்றுள் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது பக்க எண்ணையே. 800 பக்கங்கள் கொண்ட நூலின் பெயரை மட்டும் தருவது, ஊர்ப் பெயரை மட்டும் கூறி வீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்வது போன்றதாகும். இதழ்க் கட்டுரைக்குத் தலைப்பு, இதழின் பெயர், நாள், பக்கம் ஆகியவையும், இணையப் பக்கத்துக்குத் தலைப்பு, தளத்தின் பெயர், வெளியான நாள், பார்த்த நாள் ஆகியவையும் தேவை. வெறும் இணைப்பை மட்டும் ஒட்டினால், இணைப்பு அழியும்போது சான்றும் அழிந்துவிடும்.

மூலங்கள் முரண்படும்போது

சுப்பிரமணிய பாரதியின் மறைவு நாள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பல நூல்கள் செப்டம்பர் 11, 1921 எனக் குறிப்பிடுகின்றன. தமிழ்நாடு அரசும் 2021 இல் செப்டம்பர் 11 ஐ மகாகவி நாளாக அறிவித்தது. ஆனால் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவு செப்டம்பர் 12 எனக் காட்டுகின்றது. அவர் நள்ளிரவுக்குப் பின்னர் காலமானார் என்பதும், சூரிய உதயத்தில் இருந்து நாளைக் கணக்கிடும் மரபும் இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இத்தகைய இடத்தில் ஒரு நாளை அழித்து மற்றொன்றை எழுதினால் அடுத்து வருபவர் அதை மீண்டும் மாற்றுவார். இரு நாட்களையும் அவற்றுக்குரிய சான்றுகளுடன் தந்து, வேறுபாட்டின் காரணத்தையும் குறிப்பிட்டால் பூசல் முடிவதுடன் வாசகருக்கும் கூடுதலாக ஒரு செய்தி கிடைக்கின்றது.

வட்டச் சான்று

விக்கிப்பீடியாவில் சான்றின்றி எழுதப்பட்ட பிழையை ஒரு நாளிதழ் எடுத்து வெளியிட, பின்னர் அந்நாளிதழே அப்பிழைக்குச் சான்றாகக் காட்டப்படுவது வட்டச் சான்று எனப்படும். 2008 இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோவாட்டி எனப்படும் தென்னமெரிக்க விலங்குக்குப் "பிரேசிலிய ஆர்ட்வார்க்" என்றொரு பெயரும் உண்டு என வேடிக்கையாகச் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவில் வாழும் வேறொரு விலங்காகும். சில ஆண்டுகளில் அப்பெயர் நாளிதழ்களிலும் பிற வெளியீடுகளிலும் இடம்பெற்றது. அவற்றுள் ஒன்று பின்னர் கட்டுரையில் சான்றாகவும் சேர்க்கப்பட்டது. 2014 இலேயே இது வெளிச்சத்துக்கு வந்தது.

போலிய விக்கிப்பீடியாவில் என்ரிக் பதூத்தா என்னும் கற்பனைப் புரட்சியாளர் பற்றிய கட்டுரை, நவம்பர் 2004 முதல் சுமார் 15 மாதங்கள் இருந்தது. ஆகவே விக்கிப்பீடியாவின் ஒரு கட்டுரையை மற்றொரு கட்டுரைக்குச் சான்றாகக் காட்டுவது ஏற்கப்படுவதில்லை. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கும் தமிழ்ப் பயனரும், அங்குள்ள சான்றுகளைத் திறந்து பார்த்த பின்னரே அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

2022 இறுதிக்குப் பின்னர் பரவிய, உரையைத் தானே உருவாக்கும் செயலிகள் புதியதொரு சிக்கலைத் தோற்றுவித்துள்ளன. இவை சில வேளைகளில் இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயர், பக்க எண் ஆகியவற்றுடன் சான்று அமைத்துத் தருகின்றன. நூலைக் கண்ணால் பார்க்காமல் இத்தகைய சான்றை இடுவது, சான்றே இல்லாமல் எழுதுவதினும் தீங்கானது. ஏனெனில் சான்றற்ற வரி ஐயத்தையாவது எழுப்பும்.

இணைப்பு அழிதல்

இணையப் பக்கங்கள் நிலையானவை அல்ல. பல தமிழ்ப் பக்கங்களுக்கும் இடமளித்த ஜியோசிட்டீசு தளம் அக்டோபர் 2009 இல் மூடப்பட்டபோது அவற்றைச் சுட்டிய இணைப்புகள் பயனற்றுப் போயின. 1996 இல் நிறுவப்பட்ட இணைய ஆவணகம், பக்கங்களின் படிகளைச் சேமித்து வருகின்றது. 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட அழிந்த விக்கிப்பீடியா இணைப்புகள் அதன் படிகளைக் கொண்டு மீட்கப்பட்டதாக 2018 இல் அறிவிக்கப்பட்டது. சான்றாகும் பக்கத்தை அன்றே ஆவணகத்தில் சேமித்து வைப்பது நல்ல பழக்கமாகும்.

தமிழ் மூலங்கள்

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனிச் சிக்கல்கள் உள்ளன. பழைய இதழ்களில் பெரும்பாலானவை இணையத்தில் இல்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் நாளிதழ்கள் தத்தமக்குரிய எழுத்துருக்களைப் பயன்படுத்தியதால், அக்காலப் பக்கங்களைத் தேடுபொறிகளால் கண்டறிய இயலவில்லை. எனினும் சான்று இணையத்தில்தான் இருக்கவேண்டும் என்னும் விதி எதுவும் இல்லை. ஊர் நூலகத்தில் உள்ள அச்சு நூலும் முழுமையான சான்றேயாகும்.

பின்வருவன தமிழ்ப் பயனர்களுக்கு உதவக்கூடியவை:

* அபிதான சிந்தாமணி (1910), ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்தது.
* கலைக்களஞ்சியம் (1954 - 1968), தமிழ் வளர்ச்சிக் கழகம், 10 தொகுதிகள், தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன்.
* மதுரைத் திட்டம் (1998 முதல்), தமிழ் இலக்கியங்களின் மின்பதிப்புகள்.
* நூலகம் திட்டம் (2005 முதல்), ஈழத்து நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் எண்ணிமப் படிகள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட வரலாற்றை நோக்குமிடத்து, இப்படிகள் சான்றாக மட்டுமன்றிப் பாதுகாப்பாகவும் அமைகின்றன.

பழைய நூல்களைப் பயன்படுத்தும்போது அவற்றுக்குப் பின்னர் வந்த ஆய்வுகளையும் ஒப்பிடுதல் வேண்டும்.

புதுப்பயனருக்கான நடைமுறை

புதிய கட்டுரை எழுதுவதற்குப் பின்வரும் வரிசை பயன்படுகின்றது.

1. தலைப்புப் பற்றி, ஒன்றையொன்று சாராத இரண்டு அல்லது மூன்று மூலங்களைத் திரட்டுதல். அவை கிடைக்காவிடின் வேறு தலைப்பைத் தேர்தல்.
2. மூலத்தைப் படித்து மூடிவைத்துவிட்டுச் சொந்த நடையில் எழுதுதல். சான்று காட்டினாலும் பிறர் எழுத்தை அப்படியே படியெடுப்பது பதிப்புரிமை மீறலாகும்.
3. வரியை எழுதிய உடனேயே சான்றை இடுதல். பின்னர் தேடினால் பக்க எண் கிடைப்பது அரிது.
4. மணல்தொட்டியில் எழுதிப் பார்த்து, பின்னர் கட்டுரைப் பெயர்வெளிக்கு நகர்த்துதல்.
5. ஐயம் ஏற்படின் பேச்சுப் பக்கத்திலோ ஆலமரத்தடியிலோ கேட்டல்.

பழைய பயனர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. புதியவர் பல மணி நேரம் செலவிட்டு எழுதியதை விளக்கமின்றி நீக்கினால் அவர் திரும்பி வராமல் போகக்கூடும். எந்த வரிக்கு எத்தகைய சான்று வேண்டும் என்பதைப் பேச்சுப் பக்கத்தில் குறிப்பிட்டு, இயன்றால் ஒரு சான்றைத் தாமே சேர்த்துக் காட்டுவது, கொள்கைப் பக்கங்களைப் படிக்கச் சொல்வதைவிடப் பயன் தருவதாகும்.

விமர்சனங்கள்

அச்சில் வந்தவற்றை மட்டும் ஏற்பதால், எழுத்தில் பதிவாகாத அறிவு விடுபட்டுப் போகின்றது என்பது இம்முறை மீதான முதன்மையான விமர்சனமாகும். சிற்றூர் விளையாட்டுகள், நாட்டார் கலைகள், கைத்தொழில் நுட்பங்கள் ஆகியவை பலவற்றுக்கு நூற்சான்று இல்லை. 2011 இல் அச்சல் பிரபாலா முன்னெடுத்த திட்டமொன்று, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் நேர்காணல்களை ஒலிப்பதிவு செய்து அவற்றைச் சான்றாகப் பயன்படுத்த முயன்றது. இது பரவலாக ஏற்கப்படவில்லை. இத்தகைய அறிவைக் கள ஆய்வு நூல்களாகவோ இதழ்க் கட்டுரைகளாகவோ முதலில் வெளியிட்டு, பின்னர் அவற்றைச் சான்றாகக் கொள்ளுதலே தற்போதுள்ள வழியாகும்.