எட்டாத உயரத்தில் ஒரு பலகை: சென்னைத் தொடக்கப் பள்ளிகளில் கருவிகள் வந்த கதை

எண்ணூர் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துத் தொடக்கப் பள்ளியில் நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனை வேறெதற்குக் கூப்பிடுவார்கள்? மனு எழுதத்தான். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டும் இன்டர்நெட்டும் வரப்போகின்றன. எந்த அறையில் வைப்பது, கூடவே என்னென்ன கேட்டு மேலே எழுதுவது என்று பேச்சு. அந்தப் பள்ளியில் ஒழுகாத அறை ஒன்றே ஒன்று. கம்பிக் கதவு, பூட்டு, ஒழுங்கான பிளக் பாயின்ட் எல்லாம் அதற்குத்தான் உண்டு. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் உட்காருவதும் அங்கேதான்.

குழுத் தலைவி மீன் விற்கிற ஒரு அக்கா. அவர் சொன்னது: "போர்டு வாணாம்னு யாரு சொன்னா தம்பி? வரட்டும். அந்த ரூமப் பூட்டிக்கினா ஒண்ணாங் கிளாஸ் பசங்க எங்க குந்தும்? அத மொதல்ல எழுது."

எழுத முடியவில்லை. மனு என்கிற மொழிக்குப் பொருளைக் கேட்கத்தான் தெரியும். வந்த பொருளை யார் தொடலாம், எந்த உயரத்தில் மாட்டவேண்டும், சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதைக் கேட்க அதில் வாக்கியமே கிடையாது. 'தொழில்நுட்பம்' பற்றிய நம் சொல்லாடல் முழுக்க வாங்குவதைப் பற்றியது, புழங்குவதைப் பற்றியதல்ல என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மணலிலிருந்து தொடங்க வேண்டும். 1787இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், 1789 முதல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தியவர். ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்து, கேட்பாரற்று விடப்பட்ட பிள்ளைகள் அவர்கள். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்த பெல், அதைத் தன் இல்லத்தில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம், ஜான் ஃபிரிஸ்கன் என்று பெயர், அந்த வேலையை ஒப்படைத்தார். அவன் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் இவன். 1796இல் ஊர் திரும்பிய பெல், மறு வருடம் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒரு பள்ளி ஒரே ஆசிரியரின் மேற்பார்வையில் தன்னைத் தானே கற்பித்துக்கொள்ளும் முறை என்று அதன் தலைப்பே பேசுகிறது. 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். அவர் பணத்தில் எழுந்த 'மெட்ராஸ் காலேஜ்' ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் இன்றும் பள்ளிக்கூடமாக நடக்கிறது.

இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்தத் திண்ணையில் ஏறவே முடியாத பிள்ளைகள் இந்த ஊரில் இருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் மணல் கப்பலேறியது. ஆனாலும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மணல் என்கிற கருவி பிள்ளையின் விரலுக்குக் கீழே இருந்தது. தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம், செலவில்லை, உடையாது. பெல்லும், 1798இல் லண்டனில் இதே போன்ற பள்ளியைத் தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் அதன்மேல் கட்டிய முறையோ வேறு. ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், சைகைக்கு எழுந்து சைகைக்கு உட்காரும் வரிசைகள். ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறைச்சாலை நூலில் லங்காஸ்டரின் முறையை ஒழுங்குபடுத்தலின் இயந்திரமாகப் படித்துக் காட்டுவது இதை. (ஃபூக்கோ பெயர் வராமல் உனக்கு ஒரு கட்டுரை முடியாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். இது தவிர்க்க முடியாத இடம்.) பள்ளிக்கூடத்துக்குள் வந்த ஒவ்வொரு கருவியும் ஆசிரியர் செலவைக் குறைப்பேன் என்ற வாக்குறுதியோடுதான் வந்திருக்கிறது. 1999 ஜனவரியில் சுகதா மித்ரா தில்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். குடிசைப் பிள்ளைகள் தாங்களே தட்டிக் கற்றுக்கொண்டார்கள் என்று உலகமே கொண்டாடியது. அதிலும் இதே இரண்டும் இருந்தன: பிள்ளையின் கை கருவியில் பட்டது, வாத்தியார் கணக்கிலிருந்து விடுபட்டார். முதலாவதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் இரண்டாவதைக் கேட்கவில்லை.

மின்சாரத்தில் இயங்கும் கருவி சென்னை மாநகராட்சிப் பள்ளிக்குள் வந்தது கம்ப்யூட்டர் காலத்தில் அல்ல. 1924இல் தொடங்கிய மெட்ராஸ் ரேடியோ கிளப் மூன்று வருடத்தில் பணமில்லாமல் நின்றுபோனது. அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கும்வரை, எட்டு வருடம். பள்ளி நாட்களில் மாலை நாலு மணிக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அரைமணி நேரம் சங்கீதமும் கதையும். ஒரு உள்ளாட்சி அமைப்பு சொந்தமாக நிலையம் வைத்துத் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒலிபரப்பியது சாதாரண விஷயமில்லை. ஆனால் பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் பேச்சு எதுவும் அந்தப் பெட்டிக்குள் திரும்பிப் போகவில்லை.

அதே மாநகராட்சி அதற்குப் பத்து வருடம் முன்னால், 1920 செப்டம்பரில், வேறொரு தீர்மானம் போட்டிருந்தது. வண்ணாரப்பேட்டையில் பள்ளி தொடங்கிய பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலம். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். அந்த அணா மேல் எழுந்த ஆட்சேபணையும் முடக்கமும் தனிக் கதை. தினம் தினம் ஆகிற செலவு என்பதுதான் அதன் சிக்கல். கருவியை ஒரு தடவை வாங்கினால் போதும், திறப்பு விழா நடத்தலாம், போட்டோ பிடிக்கலாம். டிபனுக்குத் தினமும் அடுப்பு பற்றவைக்க வேண்டும். இன்டர்நெட்டை நாம் ரேடியோப் பெட்டி மாதிரி நினைத்துத் திட்டம் போடுகிறோம். அதன் கணக்கோ டிபன் கணக்கு. மாதா மாதம் பில் வரும், கட்டாவிட்டால் சுவரில் இருக்கிற பலகை வெறும் கண்ணாடி.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் படித்தது திருவொற்றியூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987இலிருந்து 'கரும்பலகைத் திட்டம்' என்று ஒன்று நாடு முழுக்க நடந்தது. பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கற்பித்தல் பொருட்கள் என்பது அதன் இலக்கு. மத்திய அரசு தனியே ரேடியோவோடு கூடிய டேப் ரெக்கார்டரும் கலர் டிவியும் பள்ளிகளுக்குக் கொடுத்துவந்த காலமும் அது. எங்கள் பள்ளியில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. பீரோவுக்குள், பூப்போட்ட துணி போர்த்தி. ஐந்து வருடத்தில் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது, சென்னையும் அதில் உண்டு. அன்று நான் இரண்டாம் வகுப்பு, கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

அந்தப் பீரோவை நினைத்து ரொம்ப நாள் எங்கள் பெரிய சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால்தான் புரிந்தது. பள்ளிக்கு வருகிற ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஏறியது தணிக்கை அன்று இருந்தாக வேண்டும். உடைந்தால், காணாமல் போனால், விளக்கம் எழுதவேண்டியவர் தலைமையாசிரியர். பொருளைப் பிள்ளைகள் பயன்படுத்தினார்களா என்று கேட்கப் பதிவேட்டில் கட்டம் இல்லை, இருக்கிறதா என்று கேட்கத்தான் கட்டம். இந்த நிலையில் எவரானாலும் பூட்டத்தான் செய்வார். பூட்டு என்பது ஒரு தனிமனிதரின் கஞ்சத்தனமல்ல, அது ஓர் ஆவணத்தின் விளைவு. அதிகாரம் சாவியில் இல்லை, அந்த நீள நோட்டின் கட்டங்களில் இருக்கிறது.

இந்த நோட்டைக் கொஞ்ச காலம் தோற்கடித்த ஒரு சம்பவம் இதே ஊரில் நடந்தது. 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலி பள்ளிகளின் அனுபவத்திலிருந்து எடுத்தது. அடுத்து மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007-08இல் மாநிலம் முழுக்கவும் பரவியது. பாடம் அட்டைகளாகப் பிரிந்து தட்டுகளில் அடுக்கியிருக்கும், பிள்ளையே எடுத்துக்கொள்ளும். சுவரில் ஏணிப் படம், தான் எந்தப் படியில் என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். ஆசிரியர் தரையில் பாயில். எல்லாவற்றையும்விட முக்கியம், சுவரின் அடிப்பாகத்தில் தரையை ஒட்டிச் சுற்றிலும் கறுப்பு அடித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு பிரித்துக் கொடுத்த கரும்பலகை. இருநூறு வருடத்துக்குப் பின் மணல் சுவரில் ஏறி, ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்திலேயே நின்றது எனலாம்.

அதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. மேலிருந்து ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி கொண்டுவந்து ஆணையாக இறங்கிய விஷயம் அது. ஆசிரியர்கள் பதிவுவேலை தாங்கவில்லை என்றார்கள், அதில் உண்மை இருந்தது. "புஸ்தகத்தக் காணோம், அட்டைய வெச்சி இன்னாத்தப் படிக்கிறது" என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்ததும் எனக்குத் தெரியும். அட்டைகள் கிழிந்தன. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் நான் போன பள்ளிகளில் அந்தத் தாழ்ந்த கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. பீரோவில் பூட்ட முடியாத கருவி அது ஒன்றுதான்.

பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. ஒன்றரை வருடத்துக்கும் மேல். 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பியது. 1930இன் நாலு மணி ரேடியோதான், படத்தோடு. போன் வழியே வகுப்பு என்றபோது காசிமேட்டில் பல வீடுகளில் இருந்த ஒரே போன் அப்பாவோடு கடலுக்குப் போயிருந்தது. அந்த இழப்பின் அளவு தெரிந்தபோது அரசு தேடியது கருவியை அல்ல, மனிதர்களை: 2021 அக்டோபர் 27இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள்.

இப்போது மறுபடி கருவியின் முறை. 22,931 தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை, தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80,000 பேருக்குக் கையடக்கக் கணினி என்று அரசு அறிவித்துக் கொடுக்கவும் தொடங்கியது. நான் எதிரானவன் இல்லை. தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது குப்பத்துப் பிள்ளைக்கு எதற்கு என்கிற வாதம் பழைய குலக்கல்வி வாதத்தின் பேரப்பிள்ளை. 1953இல் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள அரைநாள் போதும் என்றவர்களுக்குப் பதில் சொன்ன மண் இது. ஆனால் மாதா மாதம் யார் கட்டுவது? 2024-25இல் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததற்காகத் தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. அந்த டிசம்பரிலேயே பள்ளி இன்டர்நெட் பில் பாக்கி பத்திரிகைச் செய்தியானது. ஓர் அணா எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

வடசென்னைக்கு இதில் கூடுதல் கசப்பு உண்டு. 1870-71இல் பினாங்கு வழியே சிங்கப்பூருக்குப் போன தந்திக் கம்பி சென்னைக் கரையிலிருந்துதான் கடலில் இறங்கியது. 2002இல் சிங்கப்பூர் கேபிளும், 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கான கேபிளும் இதே கரைதான். நாட்டுக்குள் இன்டர்நெட் ஏறிவருகிற வாசல்களில் ஒன்று நாம் கருவாடு காயவைக்கும் கடற்கரையின் தொடர்ச்சி. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலிருந்து 2017வரை ஓடியது, வடசென்னை நிலையம் 1994இலிருந்து ஓடுகிறது. சாம்பல் இங்கே, கரண்ட் எங்கேயோ. கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. பள்ளிகள் இணையவில்லை. இணைந்த பகுதிகளின் 139 பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

மனுவுக்குத் திரும்புகிறேன். மூன்று தடவை கிழித்தெழுதினோம். பலகையின் கீழ்விளிம்பு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சளவில் இருக்கவேண்டும். ஒழுகும் அறைக்கு ஓடு மாற்றிய பிறகே பலகையை மாட்டவேண்டும், அதுவரை சின்ன வகுப்புகள் இப்போதிருக்கும் அறையிலேயே உட்காரும். இன்டர்நெட் கட்டணம் எந்தத் தலைப்பில், எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் வேண்டும். உப்புக் காற்றில் வருடம் ஒருமுறை பழுதுபார்க்க ஆள் வேண்டும். கடைசியில் நான் சேர்த்த வரி: பிள்ளைகள் பயன்படுத்துகையில் உடைந்தால் அதற்குத் தலைமையாசிரியரோ ஆசிரியரோ பொறுப்பாக மாட்டார்.

தலைமையாசிரியை படித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை அடிக்கச் சொன்னார். "உடையும்னு நாமளே எழுதிக் குடுத்தா போர்டே வராது சார். எனக்கு ரிட்டயர்மென்டுக்கு ஒரு வருஷந்தான் இருக்கு."

அக்கா நோட்டை வாங்கி என்னிடம் திரும்பவும் படிக்கச் சொன்னார். படித்தேன். "உடையும்னு எழுதாத. தொடுவாங்கன்னு எழுது" என்றார். அப்படியே மாற்றினோம். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார்.