பட்டறையில் கிடந்த வேல்

தொண்டைமானின் ஆயுதசாலையை ஒளவையார் பார்த்த கதை நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தூது போனவரிடம் தொண்டைமான் தன் படைக்கலங்களைப் பெருமையாகக் காட்டினானாம். புறநானூற்றின் 95-ஆவது பாட்டில் ஒளவையார் அதற்குச் சொல்லும் பதில் இருக்கிறது. உன் ஆயுதங்களுக்குப் பீலியும் மாலையும் சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் வைத்திருக்கிறாய். எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல இகழ்ச்சி, இகழ்வது போலப் புகழ்ச்சி.

அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கே சமீபத்தில் கேட்ட ஒரு சிறிய வழக்குதான் இந்தப் பாட்டை எனக்கு நினைவூட்டியது.

காலமாகிவிட்ட சிநேகிதர் ஒருவரின் மகன் ஒரு கிதாரைக் கொண்டுவந்து காட்டினான். நாற்பது வருஷம் தேவாலயப் பாடகர் குழுவில் அவன் தகப்பனார் வாசித்த வாத்தியம். தந்திகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்துவிட்டதால் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறான். பழுது பார்த்தவர் சூடு காட்டிக் கட்டையைக் கழற்றி, மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டார். நாதம் நன்றாகவே இருந்தது. ஆனால் கட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பூத்திருந்தது. பக்கத்தில் கத்தி வழுக்கிய கீறல் ஒன்று.

“பார்த்தால் அப்பா கிதார் மாதிரியே இல்லை மாமா. முழுசாகச் சுரண்டிப் புதுப் பாலீஷ் போடலாம் என்கிறார்கள். போட்டுவிடட்டுமா?” என்றான்.

நான் வாத்தியத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேல் விளிம்பில், வாசிப்பவரின் முழங்கை படும் இடத்தில், பாலீஷ் தேய்ந்து மரம் வெளியே தெரிந்தது. அது அவன் தகப்பனாரின் கை தேய்த்த இடம். முழுசாகச் சுரண்டினால் கீறல் போகும். இந்த இடமும் போய்விடும்.

வெள்ளை பூத்ததற்குக் காரணம் அரக்கு. பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டிய மாளிகையின் அதே அரக்குதான். நம் நாட்டு இலந்தையிலும் பலாசிலும் சிறு பூச்சிகள் சுரக்கும் இந்தப் பிசின், கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சாராயத்தில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் மேஜை நாற்காலிகளுக்கும் கிதார்களுக்கும் ஏற்றினார்கள். அதைத்தான் நம் தச்சர்கள் ‘பிரெஞ்சு பாலீஷ்’ என்கிறார்கள். சரக்கு நம்முடையது, பெயர் அவர்களுடையது!

அரக்குக்குச் சூடும் ஈரமும் ஆகாது; சேர்ந்து தாக்கினால் வெளுத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பழைய பூச்சு புதிய சாராயத்தில் இளகி அதனோடு ஒன்றாகிவிடும். 1920-களுக்குப் பின் பரவிய செயற்கை லாக்கருக்கு வேறு கரைப்பான் வேண்டும். பின்னால் வந்த பாலியெஸ்டர் பூச்சோ எதனோடும் கலப்பதில்லை. ஆகையால், மறைவான இடத்தில் ஒரு துளி சாராயம் தொட்டு, என்ன பூச்சு என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொன்னேன். தொட்ட இடம் இளகியது, அரக்குதான். பழகிய தச்சர் ஒருவர் ஈரம் தெரியாத அளவுக்குச் சாராயம் தொட்ட பொட்டலத்தால் நாலைந்து முறை லேசாகத் தடவினார். வெள்ளை மறைந்தது. கீறலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

நம் வீணைக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் அவ்வளவாக இல்லை. தஞ்சாவூர் வீணையின் இருபத்து நாலு மெட்டுக்களும் தேன்மெழுகும் கரியும் கலந்த மேளத்தின் மேல் நிற்கின்றன. மெழுகு தளர்ந்தால் எடுத்துவிட்டுப் புது மேளம் கட்ட வேண்டியதுதான். பழுது பார்ப்பது அந்த வாத்தியத்தின் ஆயுளிலேயே ஒரு பகுதி.

பிடில் உலகில் இரண்டு உதாரணங்கள் உண்டு. 1716-ல் ஸ்ட்ராடிவாரி செய்த ‘மெசையா’ கிட்டத்தட்ட வாசிக்கப்படாமலே புத்தம் புதிதாக ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அழகைக் காண உலகம் போகிறது. 1743-ல் குவார்னேரி செய்த ‘பீரங்கி’ பாகனீனியுடையது. பாகனீனி கிதாரும் வாசித்தவர். 1833-ல் பாரிஸில் அந்தப் பிடில் பழுதானபோது வியோம் என்பவர் அதைத் திருத்தி, கூடவே அதைப் போல இன்னொன்றும் செய்தார். நகலெடுக்கத் தெரிந்த அந்தக் கைக்கு மேலே புதுப்பூச்சு ஏற்றத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் பாகனீனியின் மோவாய் பட்டுத் தேய்ந்த இடம் இன்றும் தேய்ந்தபடியே இருக்கிறது. 1840-ல் இறந்த அவர் அதை ஜெனோவா நகரத்துக்கு எழுதிவைத்தார். அங்கே தேர்ந்த வித்வான்கள் இன்றும் அதை எடுத்து வாசிக்கிறார்கள்.