நீர்ச்சக்கரமும் நீரிழிவும்

நீரிழிவைக் குறிக்க அரபு மருத்துவர் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'தூலாப்'. நீரை முகந்து கொட்டி மீண்டும் முகக்கும் நீர்ச்சக்கரம் என்பது அதன் பொருள். குடித்த நீர் உடலில் தங்காது கழிந்துகொண்டே இருப்பதற்கு இது பொருத்தமான உவமை. கிரேக்கச் சொல்லான டயாபிட்டீஸ் 'ஊடே கடந்து செல்வது' எனப் பொருள்படும். நம் தமிழ்ச் சொல்லும் நீர் இழிதலையே, அதாவது கீழிறங்கி ஓடுதலையே சுட்டுகிறது. மும்மொழியாரும் கண்ட அடையாளம் ஒன்றே. சிறுநீரின் இனிப்பையும் அறிந்து 'மதுமேகம்' எனப் பெயரிட்ட இந்திய வைத்தியர் ஒருபடி மேலே சென்றனர் என்பதை ஒப்புவதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

இப்னு சீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன் ஃபித்திப்' நூலில் இதனைச் சிறுநீரக நோய்களுடன் வைத்துப் பேசுகிறார். அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231) இந்நோய்க்கெனத் தனி நூலே இயற்றினார். ஆயினும், நம் முன்னோர் அன்றே இதற்குத் தீர்வு கண்டுவிட்டனர் என விழா மேடைகளில் முழங்குவது வரலாறு ஆகாது. நோயின் வேர் கணையத்தில் உள்ளதை, நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்து 1889இல்தான் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் அறிந்தனர். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை, இன்சுலின் அறவே சுரக்காத குழந்தைகளுக்கு மரணமே முடிவாயிருந்தது.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. பனை மிகுந்த நம் குமரி மாவட்டத்தில், சீனிதான் கெடுதி, கருப்பட்டிக் காப்பியால் தீங்கில்லை என்போர் இன்றும் உளர். பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியும் சர்க்கரையே. அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். நோன்புக் கஞ்சியில் இடும் வெந்தயம் நல்ல உணவு. மாத்திரைக்கும் ஊசிக்கும் அது மாற்றன்று.

நோன்பு என்றதும் மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2001இல் 13 நாடுகளில் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடைய முஸ்லிம்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றது தெரியவந்தது. நோயாளிக்குத் திருக்குர்ஆன் (2:184) சலுகை வழங்கியிருந்தும் நிலை இதுவே. விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியும் என அஞ்சிச் சோதிக்காதிருப்பவரும் உண்டு. முறியாது என்பதே அறிஞர் பெரும்பான்மையோரின் தீர்ப்பு. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ நெறி. மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றியமைக்க, ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்கள் முன்னதாக, ரஜப் மாதத்திலேயே மருத்துவரைக் காண வேண்டும்.